கரண்டி நின்ற பக்கம்

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைப் பின்னாலிருந்துதான் படிப்பார்கள். நன்றியுரை கடைசியில் இருக்கும். அதில் தங்கள் பெயர் எங்கே வருகிறது, யாருக்கு அப்புறம் வருகிறது, எத்தனை வரி வருகிறது என்று பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடி, "அருமையான வேலை" என்று சொல்லி அலமாரியில் செருகிவிடுவார்கள். நான்கு வருடம் சேற்றில் நின்று எழுதிய மீதிப் பக்கங்களெல்லாம் நன்றியுரை சரியாமல் நிற்பதற்கு முட்டுக்கொடுத்தவை.

யோரிட்டின் புத்தகத்தை நானும் அப்படித்தான் திறந்தேன். அவனுடைய ஆய்வேட்டு வாதம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. பெரிய அரங்குக்குப் பக்கத்துச் சின்ன அறையில், வாடகைக்கு எடுத்த வால்கோட்டுகளில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் யோரிட். இரண்டு பக்கமும் அவனுடைய பக்கத்துணைகளாக நானும் அவன் அண்ணன் ஹார்மும். பக்கத்துணைக்கு வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேட்பாளருக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார வேண்டும், அவன் மயங்கினால் பிடிக்க வேண்டும். கேள்வி கேட்கும் எதிர்வாதிகள் மடக்கிவிட்டால் வேட்பாளருக்குப் பதிலாகப் பக்கத்துணை பேசலாம் என்று ஒரு பழைய விதியும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தியவர்களை நான் பார்த்ததில்லை.

நன்றியுரையில் என் பெயர் கடைசியில் இருந்தது. அவன் வளர்க்கும் பூனைக்கும் கீழே.

"ஆஃப்கேவுக்கு: ஒரு பக்கம் எப்படி இருக்கக் கூடாது என்பதை நான்கு வருடம் பொறுமையாக எனக்குக் காட்டியதற்கு."

"டேய், என்னடா இது?"

"எது?" யோரிட் கண்ணாடி முன்னால் நின்று வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"பூனைக்குக் கூட 'அன்புடன்'னு போட்டிருக்க. எனக்கு இதுவா?"

"பூனை வேர்ட்ல எழுதாது."

ஹார்ம் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான், அன்று காலை குடித்த பீரும் அதற்கு ஒரு காரணம்.

எங்கள் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். நானும் யோரிட்டும் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் நான்கு வருடம் ஆராய்ச்சி செய்தவர்கள். எனக்கு எங்கள் கரையோர வாடன் கடலின் கடற்புல், அவனுக்கு அதே கடலின் சேறு. நான் எல்லாரையும் போல வேர்டில் எழுதினேன். திரையில் தெரிவதுதான் தாளில் வரும் என்று அது சத்தியம் செய்யும், நாமும் நம்புவோம். ஒரு படத்தை விரல்கடை அளவு நகர்த்தினால் அது இரண்டு பக்கம் தாண்டிப் போய் ஒரு அட்டவணையின் தலையில் உட்காரும். அட்டவணை கோபித்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குக் குடிபோகும். இரண்டாம் அத்தியாயத்தின் தலைப்பைத் தடிமனாக்கினால் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க நீலமாகும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் இன்னொன்று ஆகும்.

யோரிட் லாடெக்கில் எழுதினான். அதை லேடெக்ஸ் என்று சொன்னால் திருத்துவான்; தும்முவது போலத் திருத்துவான். அதில் பக்கமே கண்ணுக்குத் தெரியாது. எழுத்துக்கு நடுவில் சாய்கோடுகளும் வளைவு அடைப்புகளும் போட்டு, இது தலைப்பு, இது படம், இது மேற்கோள் என்று கட்டளை எழுதிக்கொண்டே போக வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒரு பொத்தானைத் தட்டினால் இயந்திரம் அதைப் புத்தகப் பக்கமாகச் சமைத்துக் கொடுக்கும். கொடுக்காமலும் போகலாம். ஓர் அடைப்பை மூட மறந்தால் மறந்த இடத்தைச் சொல்லாது. நாற்பது பக்கம் தள்ளி ஒன்றுமறியாத ஒரு வரியைக் குற்றவாளி ஆக்கும். யோரிட் அந்த வரியை முழு மத்தியானமும் விசாரணை செய்வான்.

"உள்ளடக்கம் வேற, உருவம் வேற, ஆஃப்கே," என்பான். "நீ ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கற. நான் என்ன சொல்றேங்கறத மட்டும் யோசிக்கறேன். எப்படித் தெரியணும்ங்கறத மெஷின் பாத்துக்கும்."

உருவத்தை இயந்திரத்திடம் விட்டுவிட்டதாகச் சொன்ன இவன்தான், எந்த எழுத்துருவில் எழுதுவது என்று தீர்மானிக்க முதல் வருடத்தைச் செலவழித்தான். பத்தியின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் அநாதையாக நின்றால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அச்செடுத்த பக்கங்களைச் சுவரில் தலைகீழாக ஒட்டி, அறையின் மறுகோடியில் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். "படிக்கக் கூடாது. படிச்சா கண்ணு அர்த்தத்துல ஏமாந்துடும். பக்கத்தோட சாம்பல் நிறம் சீரா இருக்கான்னு மட்டும் பாக்கணும்." வேர்டில் எழுதுகிறவர்களை அவன் பார்க்கும் பார்வை, அலுவலக மைக்ரோவேவில் மீன் சூடாக்குகிறவர்களை மற்றவர்கள் பார்க்கும் பார்வை.

போன இலையுதிர் காலத்தில் என் ஆய்வேடு அச்சாகி வந்தது. இங்கே அதைப் புத்தகமாக அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியபின்தான் வாதம் நடக்கும். அனுப்பியபின்தான் பார்த்தேன். எண்பத்தோராம் பக்கத்து ஓரத்தில், சிவப்புக் கோட்டோடு, ஒரு குமிழ். எங்கள் வழிகாட்டி டெர்ப்ஸ்ட்ரா மேடம் கோப்பில் போட்ட குறிப்பு, நான் நீக்க மறந்தது, அச்சில் ஏறியிருந்தது.

"இது இவளுடைய சொந்த யோசனைதானா?"

இருநூற்றைம்பது பிரதிகளில். என் பாட்டியின் பிரதி உட்பட.

யோரிட் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு காப்பி இயந்திரத்துக்கு மேலே மாட்டினான். பட்டம் வாங்கினேன், ஒரு வருடத் தற்காலிக வேலையும் அதே அறையில் கிடைத்தது. ஆனால் காப்பி எடுக்கப் போகும்போதெல்லாம் யாராவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள், "ஆஃப்கே, பால் ஊத்தறது உன் சொந்த யோசனைதானா?"

அதனால்தான், அந்தச் சின்ன அறையில், வால்கோட்டு கழுத்தை அறுக்க, அவன் புத்தகத்தில் ஒரே ஒரு பிழையாவது கிடைக்காதா என்று தேட ஆரம்பித்தேன். ஓரங்கள் சீர். எண்கள் சீர். படங்கள் எல்லாம் சொன்ன இடத்தில் கைகட்டி நின்றன. பார்த்துப் பிழை கிடைக்காததால், வேறு வழியில்லாமல், படிக்க ஆரம்பித்தேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில் மூன்றாம் பகுதி. அதுதான் ஆய்வேட்டின் உயிர். சேறு எப்போது குழம்பாக இருப்பதை விட்டுத் தரையாக மாறுகிறது என்று அவன் காட்டியாக வேண்டிய இடம். அங்கே இப்படி இருந்தது:

"உலர்ந்த பச்சைத் துகள்கள் நன்னீரில் அமிழ்த்தப்பட்டு, மிதமான வெப்பத்தில், அவற்றின் தனித்தன்மை சிதையும்வரை கலக்கப்பட்டன. வேர்க்கிழங்குக் கனசதுரங்கள் சேர்க்கப்பட்டதைத் தொடர்ந்து கலவையின் அடர்த்தி குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. விலங்கு மூலமான பசைப்பொருள் நீண்ட நேரம் அமைப்பில் தங்கவைக்கப்பட்டது. புகையூட்டப்பட்ட உருளைகள் இறுதிக் கட்டத்தில் மட்டுமே செருகப்பட்டன. மாதிரி ஓர் இரவு தொந்தரவின்றி விடப்பட்டது. செங்குத்தாக நிறுத்தப்பட்ட கரண்டி வெளி ஆதரவின்றி நின்றால், மாதிரி முதிர்ந்ததாகக் கொள்ளப்பட்டது."

இரண்டாம் தடவை படித்தேன். எனக்கு அந்தக் கரண்டியைத் தெரியும். குளிர்காலத்தில் யோரிட் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் அம்மா ரென்ஸ்கே பானையில் நட்டு எங்களுக்குக் காட்டும் கரண்டி அது.

"யோரிட்."

"ம்."

"அஞ்சு புள்ளி மூணுல உங்கம்மா பட்டாணி சூப் இருக்கு."

"ஹா ஹா."

"பன்றிக்கால் கூட இருக்குடா. 'விலங்கு மூலமான பசைப்பொருள்'."

அவன் கை கழுத்துப்பட்டையில் நின்றுவிட்டது. மெதுவாகத் திரும்பினான். முகம் அந்தக் கழுத்துப்பட்டையின் நிறத்துக்கு வந்திருந்தது.

"சான்ஸே இல்ல. அது நிரப்பி. பக்கம் எப்படி உடையுதுன்னு பாக்கறதுக்காக எழுதினது."

"அதுக்கு எல்லாரும் லத்தீன்ல ஏதோ போடுவாங்களே?"

"லத்தீன் வார்த்தை வேற மாதிரி உடையும், ஆஃப்கே! வரி நீளமெல்லாம் பொய்யாத் தெரியும். சேத்தைப் பத்தின வார்த்தை நீளத்துலயே இங்கிலீஷ்ல வேணும். அன்னிக்கு பசி வேற. ஆனா அதை எடுத்துட்டேனே. அந்த வரிக்கு முன்னாடி சதவீதக் குறி போட்டேனே..."

அவன் முறையில் எதையும் அழிக்க வேண்டாம். ஒரு வரியின் தலையில் சதவீதக் குறி போட்டால் இயந்திரம் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. இதையும் எனக்கு எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறான். நிஜப் பகுதியைக் கொண்டுவரும் வரி, சூப்பைக் கொண்டுவரும் வரி, இரண்டும் கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்று. கீழ் வரிக்குப் போட வேண்டிய குறியை மேல் வரிக்குப் போட்டிருக்கிறான்.

புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கினான். பக்கத்தைப் பார்த்தான். கையைத் தள்ளி நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"ஆனா ஒண்ணு கவனிச்சியா," என்றான், ஏறக்குறைய அழுதுகொண்டே, "எவ்ளோ அழகா உடைஞ்சிருக்கு பாரு."

"டேய்!"

"தெரியுது, தெரியுது. ஐயோ. நிஜமான பகுதி என் கம்ப்யூட்டர்ல தூங்குது. பெர்கன் வேலை போச்சு." அடுத்த மாதம் முதல் தேதி நார்வேயில் அவன் வேலையில் சேர வேண்டும். பட்டம் கையில் இருந்தால்தான் நாற்காலி என்று அவர்கள் எழுதியே அனுப்பியிருந்தார்கள்.

"இதை டெர்ப்ஸ்ட்ரா மேடம் பாக்கலையா? வாசிப்புக் குழு பாக்கலையா? மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்களே!"

எனக்கே பதில் தெரியும். நான் அனுப்பிய வேர்ட் கோப்பு ஒவ்வொரு தடவையும் மேடத்திடமிருந்து உடம்பெல்லாம் காயத்தோடு திரும்பி வரும். அசிங்கமாக இருக்கும் பக்கத்தில் யாருக்கும் கைவைக்கத் தோன்றும்; குமிழ் போடுவதும் சுலபம். யோரிட் அனுப்பியதோ முடிந்த புத்தகம் மாதிரி இருக்கும். அதைத் தொடுவதற்கே கூச்சமாக இருக்கும். மேடம் அவனுக்கு எழுதிய ஒரே கருத்தை அவன் அப்போதே என்னிடம் காட்டினான்: "மிக அழகு! மேலே செல்லவும்."

"அண்ணே," என்றான் யோரிட், ஹார்மைப் பார்த்து. "என்னண்ணே பண்றது?"

ஹார்ம் யோசித்தான். "அம்மா கிட்ட சொல்லாத. சூப்புக்குப் பேர் போடாம விட்டியேன்னு கேக்கும்."

கதவு திறந்தது. வாதச் சடங்கை நடத்திவைக்கும் கோல்காரம்மா வந்து நின்றார். கறுப்பு அங்கி, தலைக்கு மேல் உயர்ந்த வெள்ளிப் பூண் போட்ட கோல். "நேரமாச்சு, வாங்க."

அரங்கில் கூட்டம் எழுந்து நின்றது. சுவரெல்லாம் செத்துப்போன பேராசிரியர்களின் ஓவியங்கள், அவர்களுக்குக் கீழே இன்னும் சாகாதவர்கள் அங்கியிலும் தட்டைத் தொப்பியிலும் வரிசையாக உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ரென்ஸ்கே அம்மா, புது நீலச் சட்டையில், மடியில் மகன் புத்தகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

கணக்கு எளிது. வாதம் முக்கால் மணி நேரம். அது முடிந்த நொடியில் கோல்காரம்மா உள்ளே வந்து கோலைத் தரையில் தட்டி, "ஹோரா எஸ்ட்" என்று கூவுவார், நேரமாயிற்று என்று. அப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பாதி வாக்கியத்தில் இருந்தாலும். அதுவரை ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

முதல் எதிர்வாதி முன்னுரையைப் பற்றிக் கேட்டார். முன்னுரையின் முதல் பக்கத்தைப் பற்றி. இரண்டாமவர் கப்பல் துறைமுகங்கள் பற்றித் தன் சொந்தக் கருத்தை நெடுநேரம் சொல்லி, "இதை நீங்கள் ஏற்கிறீர்களா?" என்று முடித்தார். யோரிட் முழு மனதோடு ஏற்றான். மூன்றாமவர் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எத்தனையோ வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன், இவ்வளவு அழகான ஆய்வேடு என் கைக்கு வந்ததில்ல. ரயில்ல படிச்சேன். எதிர் சீட்ல இருந்தவர் கூட எட்டிப் பாத்து என்ன புத்தகம்னு கேட்டார்." எதிர் சீட்டுக்காரர் எவ்வளவு படித்தார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாமவர் அட்டைப்படம் பற்றிக் கேட்டார்.

நான் யோரிட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டு மெல்ல மெல்ல இறங்கி அவன் தோளில் சரியாக உட்கார ஆரம்பித்தது. நான்காமவர் ஏதோ கேட்டார், அவன் ஒரு நகைச்சுவை கூடச் சொன்னான்.

ஐந்தாமவர் பேராசிரியர் கூல்மான். ஜெர்மன் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர். ஒல்லியான மனிதர், அங்கி அவர்மீது உலரப்போட்டது மாதிரி தொங்கியது. அவர் புத்தகத்தில் மஞ்சள் தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன, காகிதத்தில் மயிர் முளைத்ததுபோல. இந்த ஆள் படித்திருக்கிறார்.

"வேட்பாளர் அவர்களே, நான் நேரா அஞ்சு புள்ளி மூணுக்கு வர்றேன்."

கோட்டு மறுபடி மேலே ஏறியது.

"இந்தச் சோதனையை நீங்க எளிமையா, தெளிவா எழுதியிருக்கீங்க. புத்தகத்துல இதான் ரொம்பத் தெளிவான பகுதி. அதனால நான் இதை என் ஆய்வுக்கூடத்துல செஞ்சு பாத்தேன்."

டெர்ப்ஸ்ட்ரா மேடம் தன் பிரதியை அவசரமாகப் புரட்டினார்.

"ரெண்டு உதவியாளர்களை வெச்சு, மூணு தடவை. பச்சைத் துகள், கிழங்குக் கனசதுரம், பசைப்பொருள், உருளைகள், எல்லாம் நீங்க சொன்ன வரிசையிலயே. ராத்திரி முழுக்க விட்டோம். காலையில கரண்டியை நிறுத்தினோம்." கண்ணாடியைக் கழற்றினார். "நிக்கல. மூணு தடவையும் சாஞ்சிடுச்சு. ஏன்?"

முன்வரிசையில் ரென்ஸ்கே அம்மா மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த தங்கையின் விலாவில் இடித்தார்.

யோரிட் புத்தகத்தைத் திறந்தான். மூடினான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, ஒரு மனிதனை அழிக்கத் தாராளமாகப் போதும். அப்போது அந்தப் பாவி நிமிர்ந்தான்.

"பெருங்கல்வி மிக்க எதிர்வாதி அவர்களே, இந்தக் கேள்விக்கு என் பக்கத்துணை பதிலளிக்க அனுமதி வேண்டுகிறேன்."

கூட்டத்தில் சலசலப்பு. அவைத் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார், அவர் தோளைக் குலுக்கினார், விதி விதிதான். "அனுமதி உண்டு."

எழுந்தேன். யோரிட் திரும்பி என்னைப் பார்த்தான். கோட்டு, கழுத்துப்பட்டை, ஈரமான கண்கள். அவனைத் தாண்டிக் காப்பி இயந்திரமும் அதற்கு மேலே சட்டம் போட்ட என் பக்கமும் மனக்கண்ணில் தெரிந்தன. ஒரு வருடம். ஒவ்வொரு கோப்பைக்கும். இப்போது ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் உண்மையாகவும் இருந்தது. பழிவாங்குகிறவர்களுக்கு அவ்வளவு வசதி சாதாரணமாகக் கிடைக்காது.

"பெருங்கல்வி மிக்க எதிர்வாதி அவர்களே," என்றேன். "இது பட்டாணி சூப். வேட்பாளரோட அம்மா செய்யறது."

அரங்கம் சிரித்தது. நல்ல, கனிவான, படித்த சிரிப்பு. மூன்றாம் எதிர்வாதி தொடையில் தட்டிக்கொண்டார். "உவமை! பிரமாதம்!" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். டெர்ப்ஸ்ட்ரா மேடம் பெருமையாகத் தலையை ஆட்டினார், இதையெல்லாம் தான்தான் சொல்லிக் கொடுத்தது போல. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், அது யார் மேலும் படாமல் ஓவியங்களுக்கு மேலே போய்விட்டது. அவ்வளவு அழகான பக்கத்தில் சூப் இருக்க முடியாது என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

கூல்மான் மட்டும் சிரிக்கவில்லை. "அது சரி. கரண்டி ஏன் நிக்கல?"

"நீங்க பானையை எங்க வெச்சீங்க?"

"ஆய்வுக்கூடத்துல. அடுப்பு மேலயே."

"அங்க வெச்சா நிக்காது. ராத்திரி வெளிய, மாட்டுக் கொட்டகையில வைக்கணும். உறையற மாதிரி குளிர் வேணும். மூடியைக் கொஞ்சம் திறந்து வைக்கணும்."

அவர் எழுதிக்கொண்டார். "வெப்பநிலை இந்தப் பக்கத்துல இல்லையே."

"இல்ல. அந்தப் பக்கத்துல நிறைய விஷயம் இல்ல."

கோல் தரையில் இடித்தது. "ஹோரா எஸ்ட்!"

குழு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காப்பி குடிக்கும் நேரம் கழித்து வந்தது. யோரிட் முனைவர் ஆனான். சிவப்பு உருளையில் பட்டயத்தைக் கொடுக்கும்போது டெர்ப்ஸ்ட்ரா மேடம் புகழுரை ஆற்றினார். "கடலோட சிக்கலை ஒரு பானைக்குள்ள கொண்டுவந்த துணிச்சல்" என்றார். "என் மாணவர்கள்ல இவ்வளவு சொந்தமா யோசிச்சவங்க இல்ல" என்றும் சொன்னார். நான் அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். என் வால்கோட்டின் பித்தானைப் பார்த்துக்கொண்டேன்.

விருந்தில் எல்லாரும் சுடச்சுட வறுத்த இறைச்சி உருண்டைகளைக் கடுகுச் சாந்தில் தோய்த்து வாயைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ரென்ஸ்கே அம்மா ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாம் எழுதிட்டு லீக் வெங்காயத் தண்டை விட்டுட்டான் பாருங்க. லீக் இல்லாம என்ன சூப்பு?" அவர்கள், "நகைச்சுவை குடும்பத்துலயே ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் கூல்மானிடம் போனேன். "சார், உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?"

"என்ன, சூப்புன்னா? கிழங்குக் கனசதுரத்துலயே தெரிஞ்சுது." உருண்டையை ஊதினார். "ஆனா ஆய்வேட்டுல எழுதினா எழுதினதுதாம்மா. திரும்பச் செஞ்சா அதே வரணும். வரல, கேட்டேன். நீங்க பதில் சொன்னீங்க, பதில் சரி. வாதம்னா வேற என்ன?"

"அதுக்குப் பட்டமா?"

"அதுவும் இல்லாம கொடுத்த பட்டத்துக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்." உருண்டையைக் கடித்தார். "ஆய்வுக்கூடம் முழுக்க என்ன வாசனை தெரியுமா? பசங்க வியாழக்கிழமைதோறும் சோதனை வேணும்ங்கறாங்க. கொட்டகைன்னு சொன்னீங்க இல்ல? நாங்க இதை எழுதலாம்னு இருக்கோம்."

இதைக் கேட்டபடி பின்னால் நின்றிருந்தவர் டெர்ப்ஸ்ட்ரா மேடம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோரிட்டின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை யோரிட் என் மேசைக்கு வந்தான். பெர்கன் அவனுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தது, சாவியும் தயார், மேடத்தின் சிபாரிசுக் கடிதம் மட்டும் பாக்கி. ஆனால் முகத்தில் முனைவர் களை இல்லை.

"அஞ்சு புள்ளி மூணை உடனே கட்டுரையாப் போடணுமாம். ஜெர்மன்காரங்க முந்திடுவாங்களாம். கரண்டி படத்தோட."

"நிஜமான பகுதியையா?"

"சொன்னேன் ஆஃப்கே. வேற பகுதி ஒண்ணு இருக்குன்னு சொன்னேன். 'வேற எதுவும் வேண்டாம், கூல்மான் கேட்டது எதுவோ அதான் வேணும்'ங்கறாங்க. இல்லன்னா அவங்க பெர்கனுக்கு எழுதற சிபாரிசு லேட் ஆகுமாம்." மேசை விளிம்பில் உட்கார்ந்தான். "நாலு வருஷச் சேறு கம்ப்யூட்டர்ல தூங்குது. ஒரு மத்தியானப் பசியில எழுதினது என் பேர்ல உலகத்துக்குப் போகுது."

"கட்டுரையில முதல் பேர் யாருது?"

"மேடத்தோடது."

"சரி, என்கிட்ட எதுக்கு வந்த?"

தரையைப் பார்த்தான். காது சிவந்தது.

"அந்தப் பத்திரிகை... வேர்ட் கோப்பு மட்டும்தான் வாங்குவாங்களாம்."

நான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். அவன் தன் சூப்பைக் கொண்டுவந்து ஒட்டினான். கரண்டியின் படத்தை விரல்கடை அளவு நகர்த்தினான். படம் இரண்டு பக்கம் தாண்டிப் போய் மேடத்தின் பெயர்மீது உட்கார்ந்தது.

"எங்க போச்சு?" என்றான். "ஏன் போச்சு? நான் எதுவுமே பண்ணலையே!"

"கேக்கக் கூடாது. போய் காப்பி எடுத்துட்டு வா, நான் பாத்துக்கறேன். பால் ஊத்தாத."

போனான். நான் படத்தைப் பானைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். தலைப்பைத் தடிமனாக்கினேன், ஒன்றும் நீலமாகவில்லை. பிறகு கரண்டி செங்குத்தாக நிற்கும் வாக்கியத்தைத் தேர்ந்து, ஓரத்தில் ஒரு குமிழைத் திறந்து, "இது இவனுடைய சொந்த யோசனைதானா?" என்று தட்டி, சேமித்தேன்.

சிவப்புக் கோடு அழகாக விழுந்திருந்தது. அதை எங்கே அணைப்பது என்று யோரிட்டுக்குத் தெரியாது. மேடத்துக்குத் தெரியும், ஆனால் அவர் படித்துப் பார்க்க வேண்டும்.